டேப் ரெக்கார்டரோடு விற்றுவிட்ட குரல்: கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு

ஜப்பானிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமானை எப்படி விற்பது என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது இந்த வலைப்பூவுக்கு எழுதுகிறார்கள். கல்வராயன் மலைக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்கள் வேறு. இரண்டு கேள்விக்கும் என்னிடம் ஒரே கதைதான் இருக்கிறது. எண்பதுகளின் பிற்பகுதியில், இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரத்தில், நான் மலைக்குப் போன கதை. இத்தனை வருடம் எழுதாமல் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் கோபே துறைமுகத்தில் ஒரு துணி ஏற்றுமதிக் கடையில் வேலை பார்த்தேன். மனைவி ஜமீலாவும் ஆறு வயது மகள் பல்கீஸும் கள்ளக்குறிச்சியில். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வோம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அன்றைக்கு இது சாதாரணம். அவர்கள் பேசி அனுப்பியதை நாலு தடவை கேட்டுவிட்டு, அதே கேசட்டில், அதன் மேலேயே நான் பேசித் திருப்பி அனுப்புவேன். சிக்கனம் என்று பெருமை வேறு. மூன்று வருடமாக என் மகள் பேசியதையெல்லாம் என் குரலை வைத்தே அழித்திருக்கிறேன். மடத்தனம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

கடைசியாக வந்த கேசட்டுக்குப் பதில் பேசச் சோம்பல்பட்டுப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் தந்தி வந்துவிட்டது. மூளைக்காய்ச்சலில் பல்கீஸ் போய்விட்டாள்.

இரண்டே நாளில் வீட்டைக் காலி செய்தேன். ஜப்பான்காரர்கள் அடுத்தவர் புழங்கிய பொருளை லேசில் வாங்கமாட்டார்கள். நல்ல டிவியையே தெருவோரம் வைத்துவிட்டுப் போகிற ஊர் அது. அதனால் நம்மவர்கள் வந்துபோகிற கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். ரைஸ் குக்கர், மின்விசிறி, கம்பளி, மண்ணெண்ணெய் ஹீட்டர் என்று ஒவ்வொன்றாகப் போனது. டேப் ரெக்கார்டரை மூவாயிரம் யென்னுக்குச் சின்னசாமி வாங்கிக்கொண்டார். ஓட்டல் சமையல்காரர், கல்வராயன் மலைக்காரர். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு ஜமீலா அந்தக் கடைசி கேசட் எங்கே என்று கேட்டாள். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை. டேப் ரெக்கார்டருக்குள்ளேயே வைத்து விற்றிருக்கிறேன். கோபேக்குக் கடிதம் போட்டதில், சின்னசாமி எப்போதோ ஊருக்குத் திரும்பிவிட்டதாக, அவருடைய மலை விலாசத்தோடு பதில் வந்தது. அவர் அதில் ஒரு பாட்டைப் பிடித்துவிட்டால் போதும், பல்கீஸின் குரல் என்று உலகத்தில் ஒன்றும் இருக்காது. ஜமீலா என்னைத் திட்டவில்லை. "அது ஒண்ணுதாங்க மிச்சம். போயி எடுத்துகினு வாங்க" என்றாள்.

மறியல் முடியட்டும் என்று இருக்கப் பொறுமை இல்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். பஸ் கிடையாது. வாடகை சைக்கிள், நாளுக்கு மூன்று ரூபாய். கச்சிராயபாளையம் சுமார் பதினாறு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் மிதித்துவிடலாம். அன்றைக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. எப்போதும் நிழலாக இருந்த சாலையில் வெயில் பளிச்சென்று அடித்தது, பார்த்துப் பழகிய சாலையாகவே இல்லை. ஹாரன் சத்தம் இல்லை, ஆள் அரவமும் இல்லை. என் சைக்கிள் சங்கிலி ஓசை எனக்கே சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் இறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.

ஓரிடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து பேர் வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். "எங்க பாய், இந்த நேரத்துல?" என்றார் ஒருவர். கேசட், ஜப்பான் என்றெல்லாம் விளக்க முடியுமா? "பொண்ணு மலையில இருக்குதுங்க. இட்டுகினு வர போறேன்" என்று வாயில் வந்துவிட்டது. இரண்டு பேர் எழுந்து சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார்கள். "பாத்து போங்க பாய்" என்றார்கள்.

கோமுகி அணை டீக்கடையில் சைக்கிளை விட்டேன். கீழே போக வழியில்லாமல் மலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த ஒரு ஜீப் ஒன்றரை மணிக்குக் கிடைத்தது. ஐந்து ரூபாய். இடம் சொன்னதும் டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சின்னசாமி குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிட்டாரே. அவரு சம்சாரம் பச்சையம்மா மட்டும்தான் இருக்குது." இரண்டு வளைவுகளில் வண்டியை ஏற்றினார். பிறகு தானாகவே, "அந்த வூட்ல ஒரு பொண்ணு பேசுதுங்க. அவங்களுக்குப் புள்ள கெடையாது. கண்ணால பாத்தவங்களும் யாரும் இல்ல" என்றார்.

"டேப்பா இருக்கும்" என்றேன்.

"டேப்புக்கு யாராச்சும் பதில் சொல்லுவாங்களா பாய்? பச்சையம்மா பதில் சொல்லுதே. முன்ன சின்னக் கொழந்த கொரலு. இப்ப ஒரு மாசமா பெரிய பொண்ணு மாரி கேக்குது. உள்ளயே வளந்துகினு வருது போல."

மூன்று மணிக்கு, வெள்ளிமலைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், மண்பாதை பிரிகிற இடத்தில் இறக்கிவிட்டார். பாதைக்குள் வண்டியைத் திருப்பவில்லை. பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. குரல்தான் முதலில் வந்தது.

"அத்தா... சாப்ட்டியா...?"

அது குழந்தைக் குரல் இல்லை. முப்பது வயதுப் பெண்ணின் குரல், கனத்து, இழுத்து. ஆனால் அத்தா என்று என்னைக் கூப்பிடுகிற விதம் என் மகளுடையது. அங்கேயே நின்றேன்.

"சாப்ட்டேன் கண்ணு. சாமை அரிசிச் சோறு" என்றது இன்னொரு குரல்.

"அங்க மழ பேயுதா...?"

"பேயுது கண்ணு. நேத்துலருந்து பேயுது."

"எப்ப வூட்டுக்கு வருவ...?"

இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. டேப் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அத்தா பதில் சொல்வார் என்று ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் அவள் காத்திருந்திருக்கிறாள். கோபேயில் நாலு தடவை கேட்டபோது, அந்த இடைவெளியை நான் கவனிக்கவே இல்லை.

கதவருகே போய்ப் பெயரைச் சொன்னேன். முப்பது வயது மதிக்கத்தக்க பெண் வெளியே வந்தார். "ஜப்பான்காரரா? வாங்க, வாங்க" என்றார். "பேட்டரி செல்லு எறங்கிப்போச்சுங்க, அதான் இழுக்குது. வெயில்ல வெச்சா ஒரு நாளு ஓடும். எங்க, ஒரு மாசமா வெயிலே இல்ல" என்று அவரே சொன்னார்.

அழிக்காமல் வைத்திருந்தீர்களே என்றேன்.

"அவரு பாட்டுப் புடிக்கறேன்னாரு, நான் வுடல. புள்ள கேள்வி கேட்டுட்டுக் காத்துகினு இருக்குது. பதில் சொல்லாம எப்பிடிங்க இருக்கறது? கடைசிக் கேள்விக்கு மட்டும் வாய தொறக்க மாட்டேன். அது நீங்க சொல்லவேண்டியது."

கேசட்டைத் தரச் சொல்லிக் கேட்டதும் எடுத்து, புடவைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். அவருக்கு இனி பேச்சுத்துணை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. இருந்தும் வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, "பாப்பா பள்ளிக்கூடம் போவுதுங்களா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போவுதும்மா. ஒண்ணாவது படிக்குது" என்றேன்.

மறுநாள் வீட்டில் புது செல் போட்டுக் கேட்டோம். ஆறு வயதுக் குரல். ஜமீலாவும் அழுதாள், நானும் அழுதேன். பொய் சொன்னதை அவளிடம் சொன்னேன். அடுத்த வருடம் அந்த ஜீப் டிரைவர், வீட்டு வாசலில் நான் போட்டிருந்த கடைக்கு வந்து, பாப்பா எத்தனாவது என்று பச்சையம்மா கேட்கச் சொன்னதாகச் சொன்னார். நான் விழித்துக்கொண்டு நின்றபோது ஜமீலாதான் உள்ளேயிருந்து, "ரெண்டாவது. நல்லா படிக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அவள்தான் பதில் சொல்லி அனுப்பினாள். பத்தாவது பாஸ். நர்ஸ் படிப்பு. நிக்காஹ். நான் அந்த மலைக்கு மறுபடி போகவில்லை.

போகிறவர்களுக்கு: இப்போது சாலை நன்றாக இருக்கிறதாம், பஸ்ஸும் உண்டு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கள்ளக்குறிச்சியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டி என்றால் கச்சிராயபாளையத்தில் பெட்ரோல் போட்டுவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கும், மெதுவாக ஓட்டுங்கள். பெரியார் அருவிப் பாறை வழுக்கும்.

வெள்ளிமலைக்கு முன்னால் மண்பாதை பிரிகிற இடத்தில் வயதான ஓர் அம்மா, கள்ளக்குறிச்சியா, ஜப்பான்காரர் வூட்டுப் பாப்பா எப்படி இருக்குது என்று கேட்கலாம். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகள், மூத்தது பெண்.