கண்ணில் குறையில்லை என்றார்கள்

சிறப்புக் குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிற வேலையில், பிள்ளையை விடப் பெரியவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். என்னைப் போல் ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய் இறங்குகிறவர்களுக்கு இது புதிதில்லை.

டிராமாக்காரி

புதுவாயல் ஜெனிஃபருக்கு நாலு வயது. பிறந்ததும் மூச்சுத் திணறியதாம். நடப்பாள், நன்றாகப் பேசுவாள். ஆனால் எதிரே நிற்கும் அம்மாவைக் குரல் கேட்டால்தான் தெரியும். படியில் இடித்துக்கொள்வாள். அதே பிள்ளை, உருண்டு ஓடும் சிவப்புப் பந்தை மட்டும் துரத்திப் பிடித்துவிடும். இரண்டு கண் டாக்டர்கள் கண்ணில் குறையில்லை என்றுவிட்டதால், வீட்டில் அவளுக்கு டிராமாக்காரி என்றே பேர்.

அவள் அப்பா அந்தோணிக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை. முதல் நாளே என்னை மடக்கினார்: "பந்து தெரியுது, பெத்தவ மூஞ்சி தெரிலயா? இன்னா கண்ணு மேடம் இது?"

அம்மாவின் கேள்வி

எனக்கு இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் கேட்ட ஞாபகம். சென்னையில் குழந்தைகளுக்கான நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார். கண் பார்க்கிறது, பார்த்தது என்னவென்று பிரித்தறிய மூளை திணறுகிறது. பளிச்சென்ற நிறமும் அசைவும் சுலபம், முகம் கஷ்டம். பழக்கினால் முன்னேறுவாள்.

அந்தோணி பெருமூச்சு விட்டார். அம்மா ஸ்டெல்லா மட்டும் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்: "அப்போ எம்பொண்ணு நடிக்கலியா மேடம்? நான் சும்மாவே அடிச்சிக்கினு இருந்தனே."

பூப்போட்ட பாய்

அந்த வீட்டில் பூப்போட்ட பாயில் நாலைந்து பாத்திரங்களுக்கு நடுவே தட்டு இருக்கும், பக்கத்தில் டிவி அலறும். ஜெனிஃபர் இட்லியைத் தடவித் தேடுவாள். கசகசப்பும் சத்தமும் இருந்தால் அவளுக்குப் பார்ப்பது இன்னும் கஷ்டம், அதனால் டிவியை அணைக்கச் சொன்னேன். பாய்க்கு மேல் கறுப்புத் துணி. அதில் ஒரே ஒரு மஞ்சள் கிண்ணம், உள்ளே இட்லி. யாரும் வாய் திறக்கக் கூடாது.

அரை நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. அந்தோணி ஏதோ சொல்ல வந்தார், முறைத்தேன். ஜெனிஃபர் கிண்ணத்தை ஒரு தடவை பார்த்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் நேராகப் போய் இட்லியை எடுத்தது. இந்தப் பிள்ளைகளில் பலர் அப்படித்தான் எடுப்பார்கள் என்று நான் விளக்குவதற்குள் அந்தோணி கத்திவிட்டார்: "தோ, அங்க பாத்துக்கினு இங்க எடுக்குறா!"

அங்கன்வாடி வாசல்

ஸ்டெல்லா அன்றிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் ஒரே சிவப்புத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். வீட்டிலும் தினமும் அதைக் காட்டிப் பழக்கினோம். சில மாதங்கள் கழித்து, அங்கன்வாடி விடும் நேரத்தில் நானும் கூடப் போனேன். வாசலில் ஏழெட்டு அம்மாக்கள். கூப்பிடாதே என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெனிஃபர் வாசலில் தயங்கி நின்றாள். தலையை மெல்லத் திருப்பினாள். அப்புறம் ஒரே ஓட்டமாக வந்து ஸ்டெல்லாவின் காலைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "நீ கூப்டவே இல்ல, நானே கண்டுபுட்ச்சேன்!"

யோசித்துப் பார்த்தால், எனக்குச் சம்பளம் தருவதே பாதி நேரம் சும்மா இருப்பதற்கும், மீதி நேரம் மற்றவர்களைச் சும்மா இருக்க வைப்பதற்கும்தான்.