எங்கள் மச்சாள் சமைத்த கினிலிங்

எங்கள் அண்ணனின் துணைவியாரான மச்சாள் எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு என்பதை இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சிலர் அறிவீர்கள். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மச்சாள் பிலிப்பைன்ஸில் கடலோரச் சிற்றூர் ஒன்றில், ஆறு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சந்தையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த தாயாருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடியே படித்துத் தாதியானார். ஜெர்மனிக்கு வந்து, மொழிப் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சித்தியடைந்து, ஆஹென் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அண்ணனைச் சந்தித்தார்.

இலங்கையின் மன்னாரிலிருந்து வந்த நாங்களும் கத்தோலிக்கர், அவரும் கத்தோலிக்கர். அப்படியிருந்தும், "உங்களுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை கிடைக்கேல்லையோ?" என்று அண்ணனிடம் கேட்டவள் நான். அவர்களின் திருமணத்துக்கு நான் போகவில்லை. இரண்டு வருடம் பேசவுமில்லை.

பிறகு எனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கணவர் வேலைக்குப் போனபின் தனியே கிடந்த ஒரு பகலில், மச்சாள் ஒரு சட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏன் வந்தனீங்கள்?" என்றேன்.

"கோபத்தைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ, மச்சாள். இப்ப சாப்பிடுங்கோ."

அவர் தமிழில் பேசியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சட்டியில் இருந்தது அவரது ஊர்ச் சமையலான கினிலிங். உள்ளி, வெங்காயம், தக்காளியோடு வதக்கிய அரைத்த பன்றியிறைச்சி. அதற்குள் பொடியாக வெட்டிய உருளைக்கிழங்கும் கரட்டும், சோயா சோஸும், முந்திரிகை வற்றல் என்று நாங்கள் சொல்லும் உலர்திராட்சை சிறிதும். சோற்றில் போட்டுத் தந்தார்.

"இறைச்சிக்குள்ள முந்திரிகை வத்தலோ?"

"ஓம். பிடிக்காட்டி எனக்குத் தாங்கோ."

என் தட்டிலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நானும் அவரை மச்சாள் என்றே அழைத்தேன். என் கால் நேராகும்வரை, வேலைக்குப் போகுமுன் நாள்தோறும் வந்து போனார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. கடைசி மாதங்களில் சாப்பாடே வேண்டாமென்றவர், ஒருநாள் கினிலிங் கேட்டார். நான் சமைத்தேன், அவர் குசினிக் கதவடியில் கதிரையில் இருந்தார். அவர் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். ஆனால் கைப்பழக்கத்தில் எங்கள் வறுத்த கறித்தூளில் இரண்டு கரண்டியைச் சட்டிக்குள் கொட்டிவிட்டேன். கண்டதும், எல்லாவற்றையும் எறிந்துவிட்டுத் திரும்பச் சமைக்கப் போனேன்.

"விடுங்கோ, இண்டைக்கு இப்பிடியே இருக்கட்டும்," என்றார். நாலைந்து வாய் சாப்பிட்டார்.

"நல்லாயிருக்கோ?"

"இல்லை," என்று சிரித்தார். "ஆனா மணக்குது. ரெண்டு கிழமையா எனக்கு ஒண்டும் மணக்கேல்ல."

அப்போதுதான் என்னால் கேட்க முடிந்தது: "உங்கட கலியாணத்துக்கு நான் வராததை மன்னிப்பீங்களோ?"

"அண்டைக்குக் கேக் எல்லாருக்கும் பத்தேல்ல. நீங்கள் வராதது நல்லது," என்றார். பிறகு என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். பதினொரு நாட்களின் பின், அண்ணன் அருகிலிருக்க அமைதியாகக் கண்மூடினார்.

அவரது வேலை நேரங்களைத் தாங்கள் ஏற்றுச் செய்த முதியோர் இல்லத் தோழியருக்கும், இறுதிவரை பராமரித்த தாதியருக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும், உணவு கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் நன்றி.

எல்லோரிலும் மேலாக, பயணம் செய்ய ஏலாமல் நல்லடக்கத்தைத் தொலைபேசியில் பார்த்த அவரது தாயாருக்கு நன்றி. மகள் கடைசியாக விரும்பிக் கேட்டுச் சாப்பிட்டது என்னவென்று அவர் கேட்டார். நான் நடந்ததைச் சொல்ல, அண்ணன் மொழிபெயர்த்தார். அந்த அம்மா, அந்தக் கறித்தூளில் தனக்கும் கொஞ்சம் அனுப்பச் சொன்னார்.

அனுப்பினேன். அதைப் போட்டுத் தானும் கினிலிங் சமைத்ததாகவும், சட்டியில் மிச்சமில்லை என்றும் போன கிழமை செய்தி வந்தது.