இருபத்தெட்டு டாக்டர் அப்பாக்கள்

ஆழ்வார்பேட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியில் கோமளம் பிரெஞ்சு டீச்சர், நான் கணக்கு. ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து மேஜை. பிளஸ் டூவில் பெண்கள் தமிழை விட்டுப் பிரெஞ்சுக்கு ஓடியது அந்த மொழி மேல் ஆசைப்பட்டு இல்லை. இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூறு நிச்சயம் என்பதால்தான். அந்த நிச்சயத்துக்குப் பெயர் கோமளம் நோட்ஸ். மயிலாப்பூர் ஜெராக்ஸ் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள், ஒரு பிரெஞ்சுக்காரரோடு கூடப் பேசினது கிடையாது. அந்தக் குறை அவளை உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றெட்டில் பள்ளிக்கு இன்டர்நெட் வந்ததும் பிரான்ஸில் லியோன் நகரத்தில் ஒரு பள்ளியைத் தேடிப் பிடித்தாள். இங்கே இருபத்தெட்டுப் பெண்கள், அங்கே இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஆளுக்கொரு ஜோடி, மெயிலில் கடிதம். அவள் முகத்தில் அப்படியொரு களையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

முதல் கடிதம் குடும்பத்தைப் பற்றி. எங்கள் பெண்கள்தான் சமர்த்தாயிற்றே, நோட்ஸில் இருந்த 'என் குடும்பம்' கட்டுரையை அப்படியே இறக்கிவிட்டார்கள். அப்பா டாக்டர், ஒரு தம்பி, ஒரு வெள்ளைப் பூனை. கோமளம் தப்பு இருக்கிறதா என்று பார்த்தாள், உண்மையா என்று பார்க்கவில்லை. பரீட்சைப் பேப்பரில் யார் அதைப் பார்க்கிறார்கள்? எனக்கும் அன்று உறைக்கவில்லை.

பதில்கள் வந்தன. நாஸியாவின் ஜோடிப் பையன் தன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தான். உன் அப்பா உன்னோடு பேசுவாரா என்று கேட்டிருந்தான்.

மறுநாள் நாஸியா தானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். "எங்க அப்பா மவுத்தாகி மூணு வருஷம் ஆச்சு மிஸ். பாண்டி பஜார்ல செருப்புக் கடைல வேலை பார்த்தாரு. அதை எழுதிட்டேன், அனுப்பிடுங்க மிஸ்."

ஏழு வரி, பதினோரு தப்பு. இத்தனை தப்போடு தன் கிளாஸிலிருந்து எப்படி அனுப்புவது என்று கோமளம் என்னிடம் அங்கலாய்த்தாள். திருத்தினாள். திருத்தி முடித்ததும் அது நோட்ஸ் மாதிரியே ஆகிவிட்டது, அந்த மனிதரைக் காணோம். அது அவளுக்கே புரிந்தது. திருத்தியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். அப்படியே மூன்று வாரம் போயிற்று. இருப்பதை அனுப்பித் தொலை என்று நான் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு அந்த ஊர் டீச்சரின் மெயில் வந்தது. இருபத்தெட்டுப் பேருக்கும் ஒரே அப்பா, ஒரே பூனை. கேலி செய்கிறீர்கள் என்று எங்கள் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள், வேறொரு பள்ளியோடு ஏற்பாடு செய்துகொண்டோம், மன்னிக்கவும்.

விளக்கி ஒரு பதில் எழுதேன் என்றேன். ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்ன எழுதினாலும் லீவ் லெட்டர் மாதிரியே வரதுடி. எனக்கு இந்த பாஷை தெரியவே தெரியாது."

அப்போதுதான் நாஸியா வாசலில் வந்து நின்றாள். மெயில் நின்றுபோன விஷயம் அவளுக்கு எட்டியிருந்தது.

"செருப்புக் கடைன்னு எழுதினதாலயா மிஸ்?"

அனுப்பாத அந்தக் கடிதம் கிடந்த மேஜை டிராயரைக் கோமளம் பூட்டினாள். கிளாஸுக்குப் போ என்றாள்.