பதினோரு மணிக்கு ஓடாத ஜெனரேட்டர்

புயல் ஓய்ந்த காலையில் எங்கள் தெரு முழுவதும் கீரை ஆய்ந்து போட்ட சமையலறை போல மணந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முறிந்து கிடந்த வேப்பங்கிளையும் முருங்கைக்கிளையும் மிதிபட மிதிபட, அந்தப் பச்சை வாசனை ஏறிக்கொண்டே போனது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. லாஸ்பேட்டையில் அரசுக் குடியிருப்புகளைத் தாண்டிப் போனால் பஸ் நுழைய முடியாத சின்னத் தெரு ஒன்று வரும். அதில் முப்பது வீடுகள். அவற்றில் எங்களுடையதும் ஒன்று. தெருவின் நடுவில், அடிப்பகுதி துருப்பிடித்துச் சாய்ந்து நின்ற இரும்பு மின்கம்பம், அந்தக் காலையில் இரண்டு வீட்டு மதில்களை உடைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது.

அந்தக் கம்பம் விழும் என்று என் அம்மா மூன்று முறை மனு எழுதிக் கொடுத்திருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்துவந்த அவளுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தெருவின் மனுக்களை எல்லாம் அவள்தான் எழுதுவாள். ஒவ்வொரு முறையும் மின்சார ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டு "பாக்குறோம்" என்றார்கள். விழும் என்று எழுதிக் கொடுத்த கம்பம் விழுந்த பிறகு, அதற்கு இயற்கைச் சீற்றம் என்று பெயர் வைத்தார்கள்.

தெரு தன் வேலையைச் செய்திருந்தது. புயலுக்கு முந்தின நாள் பகலெல்லாம் ஆண்களும் பெண்களுமாக 'சிமெண்ட் ஷீட்டு' கூரைகளின் மேல் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். எல்லா வீட்டு டிரம்களிலும் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். தாழ்வான நான்கு வீட்டுக்காரர்களைப் பாய் தலையணையோடு 'சொல்தா' வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் தெருச் சொல்தா முன்கோபக்காரர், யாரோடும் அதிகம் பேசமாட்டார்; ஆனால் தெருவில் அவர் வீடு ஒன்றுதான் உயரமான மாடிவீடு, அவரிடம் மட்டும்தான் ஜெனரேட்டர் இருந்தது.

கம்பம் விழுந்ததும், அறுந்த கம்பிகள் கிடந்த இடத்தைச் சுற்றி அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கட்டி, குழந்தைகள் யாரும் கிட்டே போகாதபடி பெரியவர்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, லைன் 'ஆஃப்'பில்தான் இருக்கிறது என்று சொல்ல இரண்டு நாள் ஆனது.

அந்த நாட்களில் எங்கள் உயிர்நாடி சொல்தாவின் ஜெனரேட்டர்தான். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அதை ஓட்டுவார். வீட்டு மின்சார லைனில் அதைச் சேர்க்கவே மாட்டார். ஒரு நீளமான ஒயரை வாசலுக்கு இழுத்து, 'பிளக்' பெட்டி ஒன்றை நாற்காலி மேல் வைத்துவிடுவார். யாரோ ஒருவர், வீட்டு லைனிலேயே கொடுத்துவிட்டால் மின்விசிறியாவது சுற்றுமே என்று கேட்டபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வூட்டு லைன்ல குடுத்தா அது வெளியே ஏறும். கம்பத்துல எவனாவது வேல செஞ்சிக்கிட்டு இருந்தா செத்துப்போவான்."

நாற்காலியைச் சுற்றிப் போன்களும் எமர்ஜென்சி விளக்குகளும் குவிந்திருக்கும். ஆனால் முதல் இடம் எப்போதும் அஞ்சலை அக்கா மகளுக்கு. வீராம்பட்டினத்தில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அஞ்சலை அக்கா, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவந்தாள். மகள் மகேசுக்கு எட்டு வயது, மூச்சிரைப்பு. மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷினை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது முகத்தில் வைக்காவிட்டால் அவளால் படுக்க முடியாது. அந்த மெஷின் ஓடி முடியும்வரை வேறு எதையும் சொருகச் சொல்தா விடமாட்டார்.

ஆறாம் நாள் காலையில்தான் ஆட்கள் வந்தார்கள். மூன்று பேரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். மூத்தவர் ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம், விவசாயக் குடும்பம். அவர்களிடம் ஒரு மூங்கில் ஏணியும் ஒரு வடக்கயிறும் இருந்தன, கையுறை இல்லை. புதுக் கம்பத்தை நிமிர்த்தத் தெருவே கயிறு பிடித்து இழுத்தது, நானும் இழுத்தேன். டீ குடிக்கும்போது ஏழுமலை அம்மாவிடம் சொன்னார். "எங்க வூட்லயும் இன்னும் கரண்ட் வரலக்கா. ஆறு நாளா ஊர் பக்கமே போவல."

ஏறுவதற்கு முன் அவர் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "லைன் ஆஃப்லதானே சார் இருக்குது?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுத் தலையாட்டினார். ஏறினார். அப்போது மணி பதினொன்று. அஞ்சலை அக்கா மார்க்கெட்டிலிருந்து திரும்பி, கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, எங்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. உலர்ந்த குச்சியை ஒடிப்பது போல ஒரு சின்ன ஒலி; ஏழுமலையின் உடல் விறைத்து, இடுப்புக் கயிற்றில் பின்பக்கமாகச் சரிந்து தொங்கியது. கூட வந்தவர்கள் போனில் கத்தி, லைனை மறுபடி நிறுத்தச் சொல்லி, அவரை இறக்கியபோது வலது கை முழங்கை வரை கருத்திருந்தது. மரக்கதவு ஒன்றைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி, மீன் ஏற்றும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மதியம் மூன்று மணிக்கு ஜீப்பில் ஒரு இன்ஜினியர் வந்தார். ஏழுமலை உயிரோடிருக்கிறாரா என்று கேட்டோம். அவர் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். சம்பவம் நடந்த நேரத்தில் இந்தத் தெருவில் தனியார் ஜெனரேட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்றும், அதிலிருந்து மின்சாரம் லைனில் ஏறியதை நாங்கள் கண்ணால் கண்டோம் என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே எங்கள் கையெழுத்துகளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"இத முடிச்சிக் குடுத்துட்டீங்கன்னா சாயங்காலமே சப்ளை குடுத்துடலாம். இல்லன்னா விசாரணை முடியற வரைக்கும் இந்த லைன தொட முடியாது" என்றார்.

யார் லைனை உயிர்ப்பித்தது என்று அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை. சப்ஸ்டேஷனில் போனை எடுத்தவரின் பெயர் இல்லை. காலையில் மின்சாரம் பாய்ந்த ஒரு மனிதரை வைத்து, மதியத்துக்குள் ஒரு பொய்யைத் தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தார்கள். எங்கள் மனுக்களுக்கு இரண்டு வருடமாக வராத வேகம் அது.

முதலில் கையெழுத்துப் போட்டது என் அப்பா. இதை எழுத எனக்கு இப்போதும் கை கூசுகிறது. அவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா; அந்த இன்ஜினியருக்கு அவரைத் தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஆறு பேர் போட்டார்கள். சொல்தா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள் அஞ்சலை அக்காவிடம் வந்தது. "எனக்குப் படிக்கத் தெரியாது. பாப்பா, நீ படி" என்று என்னிடம் நீட்டினாள். நான் படித்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பதினோரு மணிக்கு ஜெனரேட்டர் ஓடல சார்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அது ஓடறப்பெல்லாம் நாந்தான் பக்கத்துல குந்தினு இருக்கேன். எம் பொண்ணுக்கு மெஷின் வெக்கறது அதுலதான்."

"அந்தப் பொண்ணுக்காகத்தான் நானும் சொல்றேன். இன்னைக்கே கரண்ட் வந்துடும்."

மகேசு அஞ்சலை அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு விடும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "வேணுந்தான் சார்" என்றாள் அக்கா. "ஆனா நீங்க எழுதினு வந்தது நடக்கல."

அப்போது அம்மா போய்ப் பேனாவை வாங்கினாள். அவளும் போடப் போகிறாள் என்று நினைத்து நான் தலைகுனிந்துகொண்டேன். அவள், என் அப்பாவின் கையெழுத்தில் தொடங்கிய வரிசைக்குக் கீழே, தன் அழகான எழுத்தில், 'அந்த நேரத்தில் ஜெனரேட்டர் ஓடவில்லை. ஏறுவதற்கு முன் லைன்மேன் போனில் கேட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இன்ஜினியர் தாளைப் பிடுங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இருட்லயே கெடங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கிடந்தோம். பக்கத்துத் தெருக்களுக்கு எட்டாம் நாள் விளக்கு வந்தது. எங்களுக்குப் பதினான்காம் நாள். அந்த நாட்களில் அம்மாவிடமும் அஞ்சலை அக்காவிடமும் முகம் கொடுக்காமல் போனவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே அப்பா அம்மாவிடம் பேசவில்லை. சொல்தா மட்டும், இன்ஜினியர் வந்துபோன அன்று சாயங்காலமே, வழக்கம்போல ஆறு மணிக்கு ஒயரை இழுத்து வைத்து, மகேசை முதலில் கூப்பிட்டார்.

விசாரணை என்று அம்மாவையும் அஞ்சலை அக்காவையும் மூன்று முறை வரச்சொல்லி, ஒவ்வொரு முறையும் நாள் முழுக்க வராந்தாவில் உட்கார வைத்தார்கள். கடைசியில் சொல்தா மேல் பழி விழவில்லை, அவ்வளவுதான். காரணம் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஏழுமலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று ஆபீஸ் சொன்னது. அவராகவே வேலைக்கு வந்தார் என்று ஒப்பந்ததாரர் சொன்னார். ஆறு நாள் வீடு போகாமல் ஊருக்கெல்லாம் விளக்கு ஏற்றியவர், தானாகவே போய் ஒரு கம்பத்தில் ஏறிக்கொண்டாராம்.

பொங்கல் கழிந்து அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் ஊருக்குப் போனாள். முழங்கைக்குக் கீழே கையை எடுத்திருந்தார்கள். இடது கையால் சோற்றைப் பிசையப் பழகிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "உங்க தெருவுக்குக் கரண்ட் வந்துடுச்சாக்கா?"

பல வருடங்கள் கழித்து, ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். "கரண்ட் வந்தா போதும்னு இருந்துச்சு" என்றார்.

நான் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறேன். சொல்தா பிரான்சில் மகனிடம் போய்விட்டார். அவர் வீட்டை இடித்து எட்டுக் குடித்தன அடுக்ககம் கட்டிவிட்டார்கள். அஞ்சலை அக்கா குடும்பம் வீராம்பட்டினத்துக்கே திரும்பிவிட்டது. இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். புயல் வந்தால் ஒவ்வொருவரும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டில் யாருக்கு மூச்சிரைக்கிறது என்று எனக்கே தெரியாது. மணல் மூட்டை ஏற்றவும் கயிறு பிடிக்கவும் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. புகாரைக் கைபேசியில் பதிகிறோம். போன முறை புயலடித்து மூன்றாம் நாள், தெரு இருண்டு கிடக்கும்போதே, 'தங்கள் புகார் சரிசெய்யப்பட்டது' என்று எனக்குச் செய்தி வந்தது.

அதற்கு மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தபோது, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. நான் கீழே ஓடி, லைனை நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

"சொல்லியிருக்காங்க மேடம்" என்றார் மேலிருந்து.

சப்ஸ்டேஷன் எண்ணை அவரிடமே கேட்டு வாங்கி அழைத்தேன். கம்பத்தில் ஆள் இருக்கிறார், லைன் நின்றிருக்கிறதா, பேசுவது யார், பெயரைச் சொல்லுங்கள் என்றேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று இணைப்பைத் துண்டித்தார்கள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவர் இறங்கி வந்து தரையில் கால் வைக்கும்வரை அந்த எண்ணை நான் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே நின்றேன்.