பெரிய மாமாவும் சின்ன மாமாவும்

“கேப்டனுக்குக் காதுல எதுக்கு பேனா? சொல்லும்மா, பார்ப்போம்.”

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒரு வெண்கலக் காதின் மடிப்பைத் துலக்கிக்கொண்டே அக்கா கேட்டார். “கப்பல்ல டைரி எழுதியிருப்பாரு” என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். “இருக்கும், இருக்கும்” என்று கேப்டனின் தலையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார்.

எங்கள் ஊர்க் கடற்கரைப் பூங்காவில் ஏழு மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாரும் ஊருக்கு ஏதாவது செய்தவர்கள். கடலை ஒட்டி நிற்பதால் தினமும் முகத்தில் உப்பு படியும். கழுவாமல் விட்டால் ஒரே மாதத்தில் பச்சை பிடித்துவிடும். அதனால் காலை ஆறு மணிக்கே வாளியோடு வந்துவிடுவார் அக்கா. தோட்டப் பணியாளர் என்றுதான் அவருடைய அடையாள அட்டை சொல்கிறது. ஊர் சொல்வது ‘குளிப்பாட்டுற அக்கா’.

சிலைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வராது. “பெரிய மனுசங்களைப் பேர் சொல்றதா?” என்பார். பழைய மேயர் அவருக்குப் பெரியப்பா. “நீங்க கட்டுன சாக்கடை மறுபடி அடைச்சிருச்சு, பெரியப்பா” என்று செய்தி சொல்லியபடி மூக்கைத் துடைத்துவிடுவார். முதல் பெண் மருத்துவர் வெறும் டாக்டரம்மா. அவரிடம் மட்டும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். புயலில் நாற்பது பேரைக் கரை சேர்த்த கேப்டன் பெரிய மாமா. அவருக்குப் பிறகு பிறந்து ஊரின் முதல் பத்திரிகையை நடத்திய ஆசிரியர் சின்ன மாமா. மதியச் சாப்பாட்டை மட்டும் அக்கா மரத்துக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து சாப்பிடுவார். “இத்தனை பேர் பாத்துட்டு நிக்கும்போது எப்படிம்மா இறங்கும்?”

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் கால் தரிக்காமல் திரிந்த எனக்கு நகராட்சி ஒரு மாத வேலை கொடுத்திருந்தது. ஊரின் பெரிய மனிதர்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வரப்போகிறது. சிலைகளைப் படம் எடுக்க வேண்டும், பீடத்தில் உள்ள பெயரைப் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவுதான். நானும் அவ்வளவுதான் செய்தேன்.

புத்தகம் அச்சாகி வந்த அன்று முதல் பிரதியை அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கியவர், பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். பதின்மூன்றைப் பார்த்தார். மறுபடி பன்னிரண்டு.

“இவரு அவரு இல்லம்மா” என்றார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு பெரும்புயல் எச்சரிக்கை வந்தபோது சிலைகளைக் கழற்றிக் கொட்டகையில் வைத்தார்களாம். திரும்ப வைக்கும்போது அக்கா சுமைக்காரர்களிடம், “பெரிய மாமாவை அந்த மேடையில வைங்க, சின்ன மாமாவை இந்த மேடையில” என்று சொல்லிவிட்டு மற்றவர்களைத் துடைக்கக் கொட்டகைக்குள் போயிருக்கிறார். ஆசிரியருக்குப் பூசணிக்காய் போலப் பெரிய தலை. பெரிய மாமா இவர்தான் என்று சுமைக்காரர்கள் கேப்டனின் பீடத்தில் அவரைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அக்கா திரும்பி வருவதற்குள் போல்ட் முடுக்கியாகிவிட்டது.

“மேஸ்திரிகிட்ட சொன்னேன். ‘ரெண்டு பேருக்கும் மீசை இருக்குல்ல, யாரு பாக்கப்போறா, வாயைத் திறந்தா உன் வேலைதான் போகும்’னுட்டாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன்.”

பேனாவைப் பற்றி அன்று என்னிடம் கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நானாகவே கண்டுபிடித்துவிடுவேன் என்று பார்த்திருக்கிறார்.

பதினோரு வருடங்களாகத் தற்காலிகமாகவே வேலை பார்க்கும் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு மேற்பார்வையாளரின் மேசையில் இருந்தது. அந்த வாரம் கையெழுத்தாக வேண்டியது. “இன்னும் ஒரு வாரம் பொறுங்கக்கா. கையெழுத்து ஆனப்புறம் சொல்லலாம்” என்றேன்.

“தலை மாறுனா தூக்கி மாத்தி வச்சிடலாம். புத்தகத்துல ஏறிட்டா எந்தத் தண்ணியை ஊத்திக் கழுவுறது? ஒரு வாரத்துல பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போயிடும்மா.”

நேராக அலுவலகத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

“சார், பெரிய மாமாவும் சின்ன மாமாவும் இடம் மாறி இருக்காங்க.”

“குடும்பத் தகராறெல்லாம் இங்க எதுக்கும்மா?” என்றார் மேற்பார்வையாளர்.

அக்கா புத்தகத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த நாலு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“குளிப்பாட்டிட்டிருந்தேன், சார்.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. அக்காவின் கோப்பை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். “விசாரணை முடியட்டும், பார்க்கலாம்.”

சிலைகளை மறுநாளே மாற்றி வைத்தார்கள். இந்தத் தடவை அக்கா உறவுமுறை சொல்லிக் காட்டவில்லை. ஒவ்வொரு தலையின் மேலும் கையை வைத்து, “இவரு இங்க, அவரு அங்க” என்று காட்டினார். புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க முடியாது என்று மட்டும் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கோப்பு இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது.

நேற்று மதியம் பார்த்தேன். அனுமதி கேட்டு வாங்கிய புத்தகக் கட்டுகளை மரத்தடியில் அடுக்கி வைத்திருந்தார் அக்கா. சாப்பாட்டுத் தூக்கு திறக்காமல் ஓரமாக இருந்தது. ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் விரித்து, பன்னிரண்டாம் பக்கத்து முகத்திலிருந்து பதின்மூன்றாம் பக்கத்துப் பெயருக்கு ஓர் அம்புக்குறி போட்டார். அங்கிருந்து இங்கே இன்னொன்று. மை காயும்வரை ஊதிவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

அதற்குள் அறுபது புத்தகங்கள் வெளியே போயிருந்தன. ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால் அந்த இரண்டு அம்புக்குறிகளையும் நீங்களே போட்டுவிடுங்கள். வேறு யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.