தலைக்கு அறுபத்தைந்து கிலோ

இவநாகா ஜின்பாச்சிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அசகசுமி என்ற நாசகாரிக் கப்பலில் அவர் தச்சு மேஸ்திரி, நான் சமையல்காரன். நான் எதை மேல்தளத்துக்குக் கொண்டுவந்தாலும் கீழே எடுத்துப்போகச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. என் ஊறுகாய்ப் பீப்பாயின் மேல் வைக்கிற கல்லைக்கூட ஒருநாள் கடலில் தூக்கிப் போட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. சின்ன உடம்பில் பெரிய கப்பலின் பீரங்கிகளையும் டார்பிடோக்களையும் ஏற்றிவிட வேண்டும் என்று எங்கள் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு காலத்தில் பேராசை. மேலே மேலே அடுக்கினார்கள். 1934இல் அப்படிக் கட்டிய சிறு போர்ப்படகு ஒன்று அலையில் குப்புறக் கவிழ்ந்தது. கவிழ்ந்தபடியே சசெபோ கடற்படைத் தளத்துக்கு இழுத்து வந்ததை வெட்டித் திறந்தவர்களில் இவநாகாவும் ஒருவர். உயிரோடு வந்தவர்கள் சிலர்தான். மற்றவர்களை அவர் தன் கையால் வெளியே எடுத்தார்.

அதன்பிறகு வரைபடங்களைத் திருத்தினார்கள், மேல்பாரத்தைக் குறைத்தார்கள். புதுக்கப்பல் கட்டினால் ஏறும் பலகையில் தராசோடு இவநாகா நிற்பார். பெயின்ட் டப்பா, நாற்காலி, அதிகாரியின் கிராமபோன், எதுவும் அவரைத் தாண்டிப் போகாது.

போரில் அசகசுமி முப்பத்துநான்கு கடல்மைல் வேகத்தில் ஓடியது. சாலமன் தீவுகளுக்கு இருட்டில் அரிசிப் பீப்பாய் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு விடிவதற்குள் திரும்பும். அதை நாங்கள் எலி ஓட்டம் என்போம். அதோடு உடன்பிறந்த கப்பல்கள் எல்லாம் கடலடிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு சூறாவளியில் எங்களுடையது படுத்தேவிட்டது, பிறகு எழுந்தது. மனசில்லாமல்தான் சொல்கிறேன், அது அவர் புண்ணியம்.

போரில் தோற்றோம். பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, மேல்தளத்தில் பக்கச்சுவர் இல்லாத மரக்கொட்டகை போட்டோம். தீவுகளில் கிடக்கும் சிப்பாய்களை ஊருக்குக் கொண்டுவருவதுதான் இனி வேலை. இருநூற்று அறுபது பேருக்கு மேல் கூடாது என்று இவநாகா எழுதிக் கொடுத்தார். தலைக்கு அறுபத்தைந்து கிலோ, கடற்படையின் பழைய கணக்கு.

1946 ஜனவரியில் நியூகினி பக்கம் மூஷு தீவுக்குப் போனோம். எங்கள் கப்பலுக்காகக் காத்திருந்தவர்கள் முந்நூற்று அறுபது பேர்.

"நூறு பேரை விட்டுட்டா போகணும், மேஸ்திரி?" என்றார் கேப்டன் நகுரா.

"விட்டுட்டுத்தான் போகணும், ஐயா. கவுந்தா எல்லாரும் போயிடுவாங்க."

அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மலேரியாவில் அங்கே தினம் ஒருவரையாவது புதைத்துக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்கள் சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு விழாத நூறு பேர் மணலில் தனியாகப் போய் உட்கார்ந்தார்கள். ஒருவராவது சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

நடக்க முடியாத ஒருவரை நான் முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினேன். வைக்கோலால் பின்னிய அரிசி மூட்டை ஒன்று அறுபது கிலோ. அதைச் சுமந்து பழகிய முதுகை யாரும் ஏமாற்ற முடியாது.

"யோவ் மேஸ்திரி, இவன் அறுபத்தஞ்சு கிலோவா? என் அரிசி மூட்டையில முக்கால்கூடத் தேறமாட்டான்யா. எந்தக் குண்டனைப் பார்த்து உன் கணக்கைப் போட்ட?"

பதிலுக்கு வசவு வரும் என்று காத்திருந்தேன். அவர் என் முதுகில் கிடந்தவரையே பார்த்தார்.

"உன் அரிசித் தராசைக் கொண்டா" என்றார்.

முந்நூற்று அறுபது பேரையும் மூட்டை முடிச்சோடு நிறுத்தோம். பல் போன ஒரு கார்ப்பரல் தராசில் நின்றபடி, "கிலோ என்ன விலைக்குப் போறோம், மேஸ்திரி?" என்றார்.

"எலும்பை எவன் வாங்குவான்? இறங்கு, அடுத்த ஆளு வரட்டும்."

சராசரி நாற்பத்தாறு கிலோ வந்தது. கொட்டகைத் தூணில் தச்சுப் பென்சிலால் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு அவர் கேப்டனிடம் போனார்.

"தப்பு என்னுது, ஐயா. எல்லாத்தையும் நிறுத்தேன், ஆளை மட்டும் நிறுக்கல. எல்லாரையும் ஏத்தலாம். ஆனா வழியில ஒருத்தரும் எழுந்து நடமாடக் கூடாது. ஆளுங்க ஒரு பக்கம் சேர்ந்தா கப்பல் சாஞ்சிடும்."

மணலில் இருந்த நூறு பேர் நம்பவில்லை, அசையவும் இல்லை. இவநாகாவே இறங்கிப்போய் முதல் ஆளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு நாள் பயணம். கஞ்சியை நான் படுத்திருந்தவர்களின் வாயருகே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவரையும் கடலுக்குக் கொடுக்கவில்லை.

உராகா துறைமுகம் நெருங்கிய காலையில், இடப்பக்கம் யாரோ "ஃபுஜி மலை தெரியுது" என்றார். அந்தப் பக்கம் கிடந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். வலப்பக்கம் கிடந்தவர்களில் பாதிக்கு மேல் அந்த நூறு பேர்தான். அவர்களுக்குத் தெரிந்தது வெறும் கடல். ஒருவர் முழங்கையை ஊன்றினார், பக்கத்திலிருந்தவர் அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்தார். "மேஸ்திரி சொல்லியிருக்காருல்ல."

இவநாகா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேப்டன் இருந்த மேடையை நோக்கிக் கைகளைக் குவித்துக் கத்தினார்.

"ஐயா, இவங்க எழுந்திருக்க முடியாது. கப்பலை ஒரு சுத்து சுத்துங்க. மெதுவா."

எரிபொருள் அடிமட்டத்தில் இருந்தது. ஆனாலும் கேப்டன் சுக்கானைத் திருப்பச் சொன்னார். அசகசுமி மெல்ல வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. முழுச் சுற்று முடிய கால்மணி நேரம் ஆயிற்று. வலப்பக்கத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே பார்த்தார்கள்.