வாளிக் கைப்பிடியும் வைரவனும்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு பழைய வாளியின் கைப்பிடி தொங்குகிறது. வளைந்த கம்பி, அதன்மேல் சுற்றிய காவித் துணி, இரண்டு முனையிலும் தோல் வார். வருகிறவர்கள் அண்ணாமலையார் படத்தைக் கும்பிட்டுவிட்டு, "இது இன்னாங்க?" என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நான் அதற்கும் குங்குமம் வைக்கிறேன்.

அது என் நாத்தனாருடையது. என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பன்னிரண்டு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் உட்கார்ந்து பூக்கட்டி விற்பார். காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் நான்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுவதும் என் கையைப் பிடித்துத்தான். ஒருநாள் பூ வாங்க வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "உன் புண்ணியத்துல அதுவும் மலை சுத்துது, பாவம்" என்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி உள்ளே போகவில்லை. வாசலில் நின்று, "ஒரு தடவையாவது என் காலால நானே சுத்தணும்டி" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் திரிந்தது. வாசலுக்கு வந்தால் நான் தண்ணீரை வீசி விரட்டுவேன். வீட்டில் சாமி இருக்கிறார், நாய் நுழைந்தால் ஆகுமா? ஆனால் அது அண்ணியின் பூக்கூடையோடு ஒட்டிக்கொண்டது. தங்கள் ஊரில் கண் தெரியாதவர்களை நாயே நடத்திப் போகும் என்று, பூ வாங்கும் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி அரைகுறைத் தமிழில் சொல்லியிருக்கிறாள். எப்படிப் பழக்குவது என்று அவளுக்கும் தெரியாது. அண்ணிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. வைரவன் என்று பெயர் வைத்தார். ஓட்டை வாளியின் கைப்பிடியைக் கழற்றி, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து நாயின் முதுகோடு சேர வார் போட்டு வாங்கினார். மடியில் டீக்கடைப் பொறை ரொட்டி. பள்ளம் வந்து நாய் நின்றால் ஒரு துண்டு. மாட்டு வண்டியை விலகி நடந்தால் ஒரு துண்டு. முட்டி பெயர்ந்து எத்தனை நாள் வந்திருப்பார்! மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடி கிளம்பிவிடுவார்.

மலைப்பாதைக்குப் பழக்கும்போதுதான் தப்பு நடந்தது. மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கத்திலும் நாய் தானே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு சன்னிதி முன்னும் பொறை கொடுத்தோம். நான் பக்தியாய்ச் சூடம் ஏற்றுவேன், அண்ணி பொறை போடுவார். நாய்க்கு லிங்கமா தெரியும்? சூடம் மணத்தால் பொறை கிடைக்கும் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டது.

ஐப்பசிப் பௌர்ணமி காலையில் அண்ணி தனியாகக் கைப்பிடியைப் பிடித்து நடந்தார். நான் பத்தடி பின்னால். அன்று வழியெல்லாம் சூடம். பத்தடிக்கு ஒருமுறை வைரவன் நின்றான். டீக்கடைக்காரர் சிரித்தார்: "இன்னாக்கா, நம்மள விட உன் நாய்க்கு பக்தி ஜாஸ்தி போல!" சிரிப்பு அடங்குமுன், பூஜை போட்டு நிறுத்தியிருந்த லாரியின் சூடத்தைப் பார்த்து நாய் திரும்ப, அண்ணியின் நெற்றி லாரியில் மோதி ரத்தம் வந்தது.

என் வீட்டுக்காரர் பொறுக்கவில்லை. "தை வரைக்கும் பாருக்கா. அப்பவும் அடிபட்டா, நாய கீழ்பென்னாத்தூர்ல மாமா கொல்லியில கடலக்கா காவலுக்கு அனுப்பிடுவேன். நீயும் வாசல் தாண்டக் கூடாது."

அண்ணி அழவில்லை. "தப்பு அவன் மேல இல்ல, நம்ம மேல" என்றார். மறுநாளே தெருவில் ஐந்து இடத்தில் என்னைச் சூடம் ஏற்றச் சொன்னார். சாமி இல்லாத இடத்தில் ஏற்ற எனக்கு மனசு ஒப்பவில்லை. "அவர் இல்லாத எடம் எதுடி? ஏத்து" என்றார். சூடத்தைத் தாண்டி நடந்தால்தான் இனிப் பொறை. லிங்கத்தில் முன்னங்கால் கல்படியில் பட்டால்தான் பொறை. மூன்று மாதம் அந்தத் தெருவே கோயில் மாதிரி மணத்தது.

தைப் பௌர்ணமி. விடிந்ததும் இந்திர லிங்கத்தில் கும்பிட்டுக் கிளம்பினார். தொடமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஏழு லிங்கம் தாண்டிவிட்டது. எத்தனையோ சூடம் தாண்டிவிட்டது. கடைசி லிங்கத்துக்குப் போகும் வழியில், படியும் இல்லாமல் சன்னிதியும் இல்லாமல் வைரவன் சட்டென்று நின்றுவிட்டான். பின்னால் வந்தவர் ஒருவர், "ஆரம்பிச்சுட்டான்யா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். "ஒண்ணுமில்ல அண்ணி, நடங்க!" என்று கத்தினேன்.

அண்ணி நகரவில்லை. மூக்கை உயர்த்தி மோந்தார். "சூடம் வாசன இல்லடி. இவன் சும்மா நிக்க மாட்டான்." வலது காலை மெல்ல நீட்டித் துழாவினார். பாதத்துக்குக் கீழே மண் சரிந்தது. தண்ணீர்ப் பைப்பு போட வெட்டிய பள்ளம், இடுப்பளவு ஆழம். அவர் உடம்பு மறைத்ததில் எனக்குத் தெரியவில்லை. கண்ணுள்ள நான் நடங்க என்றேன். கேட்டிருந்தால்?

வைரவன் ஓரமாய்ச் சுற்றி அவரைக் கொண்டுபோனான். "ஆரம்பிச்சுட்டான்யா" என்றவரே, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று குரல் கொடுத்தார். ஊர்வலம் மாதிரி ஒரு கூட்டம் பின்னால் சேர்ந்துகொண்டது. சுற்று முடியும் இந்திர லிங்கத்தின் வாசலில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். அக்காவின் நெற்றியைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், ஒரு கீறல்கூட இல்லை. சின்னப் பிள்ளை போல அழுதார். "இன்னாடா, மாமா கொல்லிக்கு நீ போறியா காவலுக்கு?" என்றார் அண்ணி.

பிறகு மடியிலிருந்த கடைசிப் பொறையை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே குடுடி." தண்ணீர் வீசி விரட்டிய கையால் நீட்டினேன். வைரவன் தின்றுவிட்டு என் உள்ளங்கையை நக்கினான். அந்தக் கையைக் கழுவாமலேயே சாமி கும்பிட்டேன்.

அதற்கப்புறம் எண்பதுகள் முழுக்க அவர்கள் இருவரும்தான் மலை சுற்றினார்கள். நான் பின்னால் போவதையும் நிறுத்திவிட்டேன். இப்போது இருவரும் இல்லை. பாதையில் விளக்கும் நடைமேடையும் வந்துவிட்டன. எனக்கும் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பௌர்ணமிக்குக் கிளம்புமுன் அந்தக் கைப்பிடியை ஒருமுறை இறுகப் பிடித்துக்கொள்வேன். காவித் துணியில் அண்ணியின் நாலு விரலும் பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது. என் விரல்கள் அதில் சரியாகப் பொருந்துகின்றன.